நான் உண்டாக்கிய சித்தர்

கார்மேகச் சித்தர் என்று ஒருவர் இந்த மண்ணில் பிறக்கவே இல்லை. அவரை உண்டாக்கியவன் நான். பட்டணத்தில் ஒரு கிராமபோன் கம்பெனி அறையில் நின்றுகொண்டு, கூசாமல், ஒரே மூச்சில் உண்டாக்கினேன்!

நீங்கள் அந்தப் பிளேட்டைக் கேட்டிருப்பீர்கள். 'வழி மறந்து போனாயோ மழையே' என்று தொடங்குமே... அதேதான். பாடியவன் நான். பிளேட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் என் பெயரும், அதன் கீழே 'இயற்றியவர்: கார்மேகச் சித்தர்' என்றும் இருக்கும். என் பெயர் நிஜம். அடுத்த வரி பச்சைப் பொய்.

அது முத்திருளாயியின் பாட்டு.

யார் முத்திருளாயி என்று கேட்பீர்கள். கேட்கத்தான் செய்வீர்கள், நான் செய்த வேலை அப்படி. திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற வழியில், வானம் பார்த்த ஒரு கிராமத்துக் குடியானவப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். வாய் நீளம். 'என்னை மாதிரிப் பாட்டுக் கட்ட இந்தச் சீமையில எவ இருக்கா?' என்று பத்துப் பேர் நடுவில் சொல்லக்கூடியவள். சொன்னதில் தப்பும் இல்லை.

நான் அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவோம். நாடக மேடையில் ஆர்மோனியம் வாசித்துப் பாடுவேன். நாடகம் இல்லாத மாதங்களில் சேலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போவேன். யுத்தம் நடந்த அந்த நாளில், மழை பொய்த்த ஓர் ஐப்பசியில், அப்படித்தான் அவள் ஊருக்குப் போனேன்.

அன்று பெண்கள் மழைச்சோறு எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாய்க் கஞ்சியும் சோறும் வாங்கி, ஒரே பானையில் கொட்டிக் கலந்து, உப்பில்லாமல் தின்றுவிட்டு, பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுப் போகிறவர்களைப் போல மாரடித்து அழுவார்கள். அதைப் பார்த்து மழைக்கு வெட்கம் வர வேண்டுமாம். முத்திருளாயி முன்னே பாட, மற்றவர்கள் பின்னே வாங்கிப் பாடினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது! மூட்டையை இறக்கி வைத்தவன், சாயங்காலம் வரை தூக்கவே இல்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், "அக்கா, அந்தப் பாட்டை எனக்குச் சொல்லித்தாங்க" என்றேன். கம்மங்கஞ்சி ஊற்றிக் கொடுத்து, அடி அடியாய்ச் சொல்லித் தந்தாள். ஒரு நிபந்தனைதான் போட்டாள். பாட்டின் கடைசி அடியில் அவள் தன் பெயரை வைத்திருந்தாள். 'கேட்டது யாரென்று மேகம் கேட்டால், முத்திருளாயி என்று சொல்லு காற்றே' என்று முடியும்.

"தம்பி, எங்க வேணும்னாலும் பாடுங்க. ஆனா அந்தக் கடைசி அடிய மட்டும் விட்றாதீக. யாரு கேட்டதுன்னு தெரியாட்டி மழை எந்த ஊருன்னு வரும்?"

"விடுவேனா அக்கா!" என்றேன். விட்டேன்.

பட்டணத்தில் ஒலிப்பதிவு செய்தபோது பாட்டு நீளம் என்றார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குமேல் கொள்ளாது. ஓர் அடியைக் குறைத்தாக வேண்டும். நடுவில் ஆடு மாடுகள் அழுகிற அடி ஒன்று இருந்தது, அதைக் குறைத்திருக்கலாம். கடைசி அடியைக் குறைத்தேன். ஏன்? என்னை நானே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன்... அந்த அறையில் பட்டுக்கரை அங்கவஸ்திரம் போட்ட ஒரு பிடில் வித்துவான் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் 'முத்திருளாயி' என்று பாட எனக்கு நாக் கூசியது. அவ்வளவுதான். வேறு காரணம் தேடாதீர்கள், இல்லை.

கம்பெனி மானேஜர், "இயற்றியது யார்? அச்சடிக்க வேண்டும்" என்றார். தெருவில் மாரடித்து அழுத பெண்பிள்ளையிடம் படித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்கள் பக்கத்துச் சித்தர் ஒருவர்... கார்மேகச் சித்தர்" என்றேன்.

"அடடா, கார்மேகச் சித்தரா! கேள்விப்பட்டிருக்கிறேனே!" என்றார் வித்துவான்.

பிறந்து அரை நிமிஷம்கூட ஆகாத ஒருவரை அவர் கேள்விப்பட்டிருந்தார்! நான் சிரித்திருக்க வேண்டும். பயபக்தியோடு தலையாட்டினேன்.

பிளேட்டு விற்றது. அதன்பிறகு சித்தர் தானாகவே வளர்ந்தார். அந்த வித்துவான் மதுரைக் கச்சேரி ஒன்றில், தம் குருவுக்குக் குருவே சித்தரை நேரில் தரிசித்ததாகச் சொன்னாராம். இன்னொரு பாகவதர் எழுந்து, இல்லை, சித்தர் அதற்கு நூறு வருஷம் முந்தியவர் என்று மறுத்தாராம். இரண்டு பேரும் பேச்சு வார்த்தையை நிறுத்திக்கொண்டதாகக் கேள்வி. சங்கீதம் தெரிந்தவர்கள்! சரித்திரம் சொல்கிறார்கள்! என்னிடம் ஒருவர் கேட்டிருந்தால்... கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

இதோடு போயிருந்தால் உங்களிடம் வந்து நிற்கமாட்டேன்.

அடுத்த வருஷமும் மழை பொய்த்தது. முத்திருளாயி மறுபடி மழைச்சோறு எடுத்தாள், பாடினாள். இந்தத் தடவை பக்கத்து ஊரான வீரசோழன் கடைகளில் பிளேட்டுக் கேட்டு வந்த இளவட்டங்கள் இருந்தார்கள். கடைசி அடி வந்ததும், "ஏலே, சித்தர் பாட்டுல இந்தப் பொம்பள தன் பேரச் சொருகுறாடா!" என்று கத்தினார்கள். அன்றும் மழை இல்லை, அடுத்த வாரமும் இல்லை. ஊர் முடிவு கட்டிவிட்டது. சித்தர் பாட்டைத் திருடியதால் வந்த சாபம்!

ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். பிள்ளையார் கோயில் முன்னால் ஊரே கூடியிருந்தது. என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததே... அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"இந்தா, வந்துட்டாருல்ல! இவரைக் கேளுங்க! எங்க வீட்டுல உக்காந்து பாடம் கேட்டவரு. சொல்லுங்க தம்பி!"

நாட்டாமை கேட்டார்: "பாகவதரே, இது யாரு பாட்டு?"

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? பிளேட்டில் பொய் சொன்னவன் என்று நாடகக்காரர்கள் காறித் துப்புவார்கள். கம்பெனி இன்னொரு பிளேட்டுக்குக் கூப்பிட்டிருந்தது, அதுவும் போகும். அவ்வளவு பெரிய கூட்டத்தில் என் மூளைக்கு எட்டியது இவ்வளவுதான்.

"பிளேட்டுல என்ன அச்சடிச்சிருக்கோ அதுதாங்க சரி" என்றேன்.

அவள் அழவில்லை. "ஏன்டா, எங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சுக்கிட்டேதானடா பாட்டுக் கேட்ட? அந்தச் சித்தன் எப்படா என் அடுப்படிக்கு வந்தான்? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியேடா!" என்றாள். நாலைந்து பேர் அவள் வாயை அடக்கினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஏறினேன்.

அடுத்த மழைச்சோற்றில் வேறொருத்தி முன்னே பாடினாள். பிளேட்டில் இருந்தபடியே, கடைசி அடி இல்லாமல். கேளுங்கள் இந்தக் கொடுமையை... மழை பெய்தது! கண்மாய் நிறையப் பெய்தது! இனி அந்த ஊரில் முத்திருளாயி சொல்வதை எவன் நம்புவான்? மழையே எனக்குப் பொய்சாட்சி சொல்லிவிட்டது.

அதன்பின் அவள் ஒரு கும்மிக்கும் போகவில்லை, ஒரு நடவுக்கும் பாடவில்லை என்று கேள்விப்பட்டேன். போய்க் காலில் விழலாமா என்று நினைத்ததுண்டு. நினைத்ததோடு சரி. யுத்தம் முடிந்த பிறகு அவள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சேலை விற்கிற ஒருவர் சொன்னார். அப்போது என் மனதில் ஓடியதை மறைக்க மாட்டேன். துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஆசுவாசம்... சீ!

போன தை மாதம் ஓர் இளம்பெண் இடுப்பில் நோஞ்சான் குழந்தையோடு அருப்புக்கோட்டையில் என் வீட்டைத் தேடி வந்தாள். முத்திருளாயியின் மகள். திட்ட வந்திருக்கிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்!

அவள் வெற்றிலை பாக்குத் தட்டைக் கீழே வைத்து, என் காலில் விழுந்தாள்.

"ஐயா, எங்க ஆத்தா சாகுற வரைக்கும் அது தன் பாட்டுன்னே சொல்லுச்சு. உங்களையும் வாய்க்கு வந்தபடி ஏசுச்சு. அது கிறுக்குங்கய்யா, மனசுல வச்சுக்கிறாதீக. புள்ளைக்கு ஒடம்பு தேறவே மாட்டேங்குது. சித்தரு குத்தம்னு சொல்றாக. அவுக பாட்டைப் பாடுன வாயி உங்க வாயி. எங்க ஆத்தாள மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா!"

உள்ளே என் மனைவி இருந்தாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை என்னையே பார்த்தது.

மன்னித்தேன் என்று சொன்னேன். குழந்தைக்குத் திருநீறும் பூசிவிட்டேன்.