ஆர்கனுக்கு மேலே ஒரு படை

என் தம்பி ஒரே பையில் ஆயிரம் குளவிகளைப் பிடித்தவன். சரி, ஆயிரம் கொஞ்சம் கூடுதல்தான். வீடு வீடாகப் பூச்சிமருந்து அடிப்பது அவன் பிழைப்பு. ஆனால் அடிக்குமுன் அந்தப் பூச்சிக்கு வேதாகமத்தில் என்ன பொருள் என்று பார்த்துவிடுவான். வெட்டுக்கிளி என்றால் தண்டனை, எறும்பு என்றால் உழைப்பு, துணி அரிக்கும் பூச்சி என்றால் அழிகிற செல்வம்.

ஒரு ஞாயிறு காலை, ஆலயத்தில் ஆர்கனுக்கு நேர் மேலே குளவிக்கூடு தொங்கியது. ஆராதனைக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. ஆர்கன் வாசிப்பவள் அவன் மனைவி. முன்பு ஒரே குளவி கொட்டி மூச்சடைத்து, ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்தவள்.

ஏணியில் ஏறியவன் பாதியில் நின்றுவிட்டான். "குளவிங்கிறது கர்த்தர் தன் ஜனங்களுக்கு முன்னால அனுப்புற படை, அக்கா. யாத்திராகமத்துல இருக்கு. அதுமேல நான் எப்படிக் கை வைப்பேன்?"

"உன் பெண்டாட்டியை அனுப்பினது மட்டும் யாருடா?" என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி எழுந்தாள். கூட்டுக்குக் கீழே போய் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள். ஒரு குளவி அவள் கழுத்தருகே சுற்றியது. தம்பி முகம் வெளுத்தது. மறுநொடி பையால் கூட்டை மூடி, காம்போடு அறுத்து இறக்கிவிட்டான்.

நான் எழுதுவதை எட்டிப் பார்த்து அவள் இப்போது சொல்கிறாள்: "ஆயிரமா? ஒன்பதே ஒன்பதுதான் அண்ணி. எண்ணிக்கிட்டேதான் வாசிச்சேன்."