குண்டு விழுந்தபோது ஒரு செருப்பு

அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் போர்க்கால டிவி தொடர் ஒன்று எடுத்தார்கள். சோறு போடுகிறார்கள் என்று மண் சுமக்கப் போனேன். பதினைந்து வயதுப் பெண்ணாக நடித்தவருக்கு முப்பது தாண்டியிருக்கும். சும்மா இருக்கும்போது பின்னல் நுனியைக் கடிப்பார்.

"முகத்துல வயசு தெரியுதும்மா. இந்த ஷாட்டும் சரியா வரலன்னா நாளைக்கு வேற பொண்ணுதான்" என்றார் இயக்குநர்.

வெடி வெடித்தது. எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். அவர் மட்டும் பாதியில் திரும்பி, கழன்ற செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். யாரும் சொல்லித்தரவில்லை. இயக்குநர் 'கட்' சொல்ல மறந்து நின்றார்.

தண்ணீர் கொடுக்கையில், "செருப்புக்காகவா திரும்புனீங்க?" என்று கேட்டேன்.

"புதுசுண்ணே. தொலைச்சா எங்கம்மா கொன்னுடும்."

கேமராவை மூடி எடுத்துப் போய்விட்டார்கள். அவர் இன்னும் செருப்பைக் கீழே வைக்கவில்லை.