சாமியார் இல்லாத பாவசங்கீர்த்தனம்

ஜப்பான்காரர் காலத்தில் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்தேன். காகிதத்துக்குப் பஞ்சம், பழைய மருந்துச் சீட்டுகளின் பின்புறத்தில் டைரி எழுதினேன். ஒருநாளும் விட்டதில்லை. ஒரு சீட்டில் மட்டும் ஒரு பெயரை அடித்திருக்கிறேன். அதற்குப் பதிலாக வேறு பெயர் எழுதவில்லை.

ஆஸ்பத்திரி அலமாரியில் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரைகளில் பன்னிரண்டு குறைந்திருந்தன. அலமாரி திறந்திருந்தபோது உள்ளே வந்தவர் தண்ணீர் சுமக்கும் அக்கா ஒருவர்தான் என்று முடிவுகட்டினேன். காலைப் பெரட்டில், வேலைக்காரர் அத்தனை பேரும் வரிசையில் நிற்க, அவரைத் திருடி என்றேன். அன்றைய டைரிச் சீட்டிலும் அவர் பெயரையே எழுதினேன். அவருக்கு வேலை போயிற்று; அதனுடன் அரிசியும்.

இரண்டு வாரம் கழித்து, சியாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர் ஆள் பிடித்தார்கள்; போனவர்களில் யார் திரும்புவார் என்று தெரியாது. பட்டியலில் இருந்த ஒரு பால்வெட்டுக்காரர் மத்தியானம் என்னிடம் வந்தார். அவரும் என்னைப் போல கத்தோலிக்க வேதக்காரர்.

"ஐயா, நாளைக்கு லோரி ஏத்துறாங்க. பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"நான் டிரஸ்ஸர்பா, சாமியார் இல்ல."

"சாமியார் இங்க வந்து ஒரு வருஷமாச்சு. கேக்கக் காதுதான வேணும்? உங்களுக்கு ரெண்டு இருக்கில்ல?"

அந்தச் சாமியாரே ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. இடைக்கால ஐரோப்பாவில், மூழ்கும் கப்பலிலோ போர்க்களத்திலோ குருவானவர் இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் பாவத்தைச் சொல்வார்களாம். கேட்டவர் மன்னிக்க முடியாது. அது கடவுளின் வேலை. கேட்டதை வெளியே விடாமல் இருப்பது அவர் கடமை. உட்காரச் சொன்னேன்.

"கொயினா எடுத்தது நான்தான். பொண்டாட்டிக்குக் குளிர்காய்ச்சல். டைரியில எழுதிடாதீங்க."

இருவரும் முழங்காலிட்டு, பாவத்துக்கு வருந்தும் உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னோம். அவர் போனதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"எடுத்தது நீங்க இல்லக்கா. என்னை மன்னிச்சிடுங்க."

"அப்ப யாரு?"

"சொல்ல முடியாது."

"என் பேர மட்டும் வாய் கூசாமச் சொன்னீங்களே! பெரட்டுல சொன்னதப் பெரட்டுலயே வந்து திருப்பி எடுங்க."

மறுநாள், லோரி போன பிறகு, பெரட்டில் நின்று சொன்னேன்: "அக்கா எடுக்கல. தப்பு என்னுது."

"அப்ப டிரஸ்ஸரே வித்துட்டாரு போல!" என்றது பின்வரிசை. சிரிப்பு அடங்கும்வரை அங்கேயே நின்றேன். சாமியார் இருந்திருந்தால் என்னை மூன்று ஜெபத்தோடு விட்டிருப்பார்.

கடவுளிடம் நேரே சொன்னால் போதாதா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். போதாது என்பேன். அந்தப் பால்வெட்டுக்காரர் கடவுளிடம் மட்டும் சொல்லியிருந்தால் அக்கா அரிசியில்லாமலே இருந்திருப்பார். போர் முடிந்து சியாமிலிருந்து திரும்பியவர் தாமே அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதனால்தான் இன்று இதை எழுதுகிறேன். சீட்டில் அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

அந்தப் பெரட்டுக்கு அடுத்த காலையில் அக்கா மறுபடி வேலைக்கு வந்தார். தண்ணீர்த் தகரங்களை வாசலிலேயே இறக்கி வைத்தார்.

"மொதல்ல அந்த அலமாரியப் பூட்டுங்க. அப்புறம்தான் உள்ள வருவேன்."

பூட்டினேன்.