மாமனாருக்காக நீட்டிய கை

மூன்று வருடங்களுக்கு முன்பு, பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில், எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது. வீடு வீடாகப் பிரஷர் பார்க்க ஒரு நர்ஸம்மா படகில் வந்திருந்தார். என் மாமனாருக்கு அறுபது தாண்டிவிட்டது, அடிக்கடி தலைவலி வேறு. அவருக்குப் பார்த்துவிடலாம் என்று கூப்பிட்டேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எழவே இல்லை.

"இன்னாத்துக்கும்மா? நான் நல்லாத்தான கீறேன்."

"வலிக்காது மாமா, பாருங்க" என்று அவருக்குக் காட்டுவதற்காக என் கையை நீட்டினேன். எனக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. இறால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவள். நோய் என்று படுத்தவள் இல்லை.

மெஷினைப் பார்த்த நர்ஸம்மா, கொஞ்ச நேரம் பேசாமல் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். அப்புறம் இன்னொரு கையிலும். "தலை சுத்துதாக்கா? மூச்சு வாங்குதா?" எதுவுமே இல்லை என்றேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமனார் தானாகவே வந்து கையை நீட்டினார். அவருக்குச் சரியாகத்தான் இருந்தது; எனக்குத்தான் அதிகம்.

மெஷின் ரிப்பேர் என்றுதான் நினைத்தேன். ஆனால் சுகாதார நிலையத்துக்குப் போய் இரண்டு மூன்று தடவை பார்த்தும் பிரஷர் இறங்கவில்லை. "ஒண்ணும் தெரியலனு விட்டா, ஒருநாள் மூளையையோ கிட்னியையோ அடிச்சிடும்மா" என்றார் டாக்டர். பள்ளிக்கூடம் போகும் என் இரண்டு பெண்களையும் நினைத்துக்கொண்டேன்.

தினமும் மாத்திரை, உப்பு குறைவு, கருவாடு கூடவே கூடாது. மற்றவர்களை ஏன் வருத்த வேண்டும் என்று எனக்கு மட்டும் சின்னச் சட்டியில் குழம்பு வைத்தேன்.

மாமனார் கவனித்துவிட்டார். "இன்னாம்மா, தனியா ஆக்கினு கீற?"

சொன்னேன். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனிதர், என் சட்டியை இழுத்துத் தன் தட்டில் ஊற்றிக்கொண்டார். முதல் வாயில் முகம் மாறியது. ஆனாலும் சாப்பிட்டு முடித்தார்.

"இனிமே ஒரே சட்டியா வையி. வேணும்ங்கிறவன் உப்பத் தொட்டுக்கட்டும்" என்றார். அவர் ஒருநாளும் தொட்டுக்கொள்ளவில்லை.

சில மாதங்களில் பிரஷர் கட்டுக்குள் வந்தது. நன்றாகத்தானே இருக்கிறோம், மாத்திரையை விட்டால் என்ன என்று இப்போதும் சில நாள் தோன்றும். எனக்காகச் சப்பென்ற குழம்பைச் சாப்பிடும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அப்படி விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.