ஓவன் கதவுக்கு ஒரு முட்டு

சர்க்கரையம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய முதலாளி, பல் டாக்டர். வைத்ததில் தப்பே இல்லை. வீட்டில் கேக் செய்து நாலு பேர் பல்லைக் கெடுப்பதும் அவள்தான், அந்த நாலு பேருக்கும் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பதும் அவள்தான். வாரம் பூராவும் பல் ஆஸ்பத்திரியின் முன்மேசையில் உட்கார்ந்துகொண்டு, கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் "ஊசி போடறதே தெரியாதுங்க" என்று கூசாமல் புளுகி உள்ளே அனுப்புவாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேக். இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு ஒத்தாசையாக நடந்து நான் பார்த்ததில்லை.

அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளுடைய ஓவனைப் பற்றிப் பேசாமல் முடியாது. கல்யாணமான புதிதில், மேல்மாடியைக் காலி செய்துகொண்டு போனவர்கள் தூக்க முடியாமல் விட்டுப்போன ஓவன் அது. ஒரு குட்டி பீரோ அளவு இருக்கும். உள்விளக்கு எரியாது. கதவு மூடாது. மூடவே மூடாது என்று சொன்னால் பாவம். மூடும். மூடிய பிறகு கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு விரல் அளவுக்குத் தானாகத் திறந்துகொள்ளும். கீலில் இருக்கிற ஸ்பிரிங் தளர்ந்து போயிருந்தது. அந்தச் சந்து வழியாகச் சூடெல்லாம் வெளியே போய், அவள் ஆசை ஆசையாகச் செய்த முதல் கேக் நடுவில் பள்ளம் விழுந்து, சோப்பு வைக்கிற தட்டு போல வெளியே வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் அவள் வீட்டுக்காரரின் பிழைப்பே கதவுதான். கடைத்தெரு முனையில் பூட்டு ரிப்பேர்க் கடை. எந்தப் பூட்டையும் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார், எந்தக் கதவும் அவர் கை பட்டால் சொன்னபடி கேட்கும். அந்த மனுஷர் பள்ளம் விழுந்த கேக்கைப் பார்த்தார், கீலைக் குனிந்து பார்த்தார், "ஸ்பிரிங்தான். நாளைக்குப் பாத்துடலாம்" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. அப்போது பிறக்காத மூத்த மகளுக்கு இப்போது இருபத்தாறு வயது. வெளியாளைக் கூப்பிட்டுச் சரி செய்யவும் விடமாட்டார்.

"பூட்டுக்காரன் வீட்டுக் கதவுக்கு இன்னொருத்தன் வந்து ஸ்பிரிங் மாட்டறதா? அதுக்கு நான் கடையை மூடிட்டுப் போயிடலாம்."

அன்றைக்கு அவசரத்துக்கு அவரே ஒரு நாற்காலியை இழுத்து, அதன் முதுகை ஓவன் கதவோடு ஒட்ட வைத்து, நடுவில் துண்டை மடித்துச் சொருகி, அதில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அவர் கனமான ஆள். கதவு அசையவில்லை. இரண்டாவது கேக் பந்து போல எழும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதுதான் சட்டம். கேக் உள்ளே போனால் பூட்டுக்காரர் நாற்காலியில். நேரம் திருகி வைத்த மணி அடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் கேக் படுத்துவிடும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மூத்தவளோ சின்னவனோ உட்காருவார்கள். விருந்தாளிகள் யாரையும் அதில் உட்கார வைத்ததில்லை.

சர்க்கரையம்மா கெட்டிக்காரி. அந்த நாற்காலியின் இன்னொரு உபயோகத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டாள். பூட்டுக்காரரிடம் சங்கடமான பேச்சை எடுத்தால் பிடி கொடுக்க மாட்டார். "அவசரமா ஒரு வீடு திறக்கணும்" என்று கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிடுவார். ஊரில் யாராவது ஒருவர் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறார்கள், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எங்கே போவார்? சின்னவன் வயிற்றில் இருக்கிறான் என்பதை அவள் அங்கேதான் சொன்னாள். அந்தச் சின்னவன் வளர்ந்து, பூட்டுக் கடைக்கு வரமாட்டேன், முடி வெட்டத்தான் போவேன் என்று சொன்னதும் அங்கேதான். அவர் வாயே திறக்க மாட்டார். மணி அடித்து, கேக் ஆறினதும் கத்தியை எடுத்து முதல் துண்டை வெட்டி, பேசின ஆளிடம் நீட்டுவார். நீட்டினால் சரி என்று அர்த்தம். சின்னவனுக்கு நீட்டினார். இன்றைக்கு அவன் வெட்டுகிற முடிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

இப்போது மூத்தவள் முறை. அவள்தான் அப்பாவோடு கடைக்குப் போகிறவள். தொழிலில் அப்பனை விஞ்சிய கை. போன மழைக்காலத்தில் ஒரு மாடி வீட்டில் கைக்குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு, தாய் வெளியே நின்று கதறிக்கொண்டிருந்தாள். தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. அதிலிருந்து குதித்த ஓர் இளைஞன் கோடாலியை ஓங்கினான். மூத்தவள் அவன் கைக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கம்பியை விட்டு நெம்பி, அவன் கோடாலியை இறக்குவதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். இறக்கியவன் அவளைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவனுக்கு வாரத்துக்கு ஒரு சாவி தொலைந்தது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

விஷயம் தெரிந்ததும் பூட்டுக்காரர் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"கதவை உடைக்கிறவனுக்கா என் பொண்ணு?"

அதோடு பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான். பேச்சை எடுத்த போதெல்லாம் ஊரில் யாரோ சாவியைத் தொலைத்தார்கள். மூத்தவள் மானஸ்தி. "அப்பா சரின்னு சொல்லாம நான் பண்ணிக்க மாட்டேன். அதுக்காக வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்திருந்தது. கல்யாணம் நிச்சயம் என்று சொன்னால் இங்கேயே இருக்க விடுவார்களாம், இல்லையென்றால் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும். மூத்தவள் கடையில் சாவி தேய்க்கும்போது அழுகிறாள் என்று சின்னவன் வந்து சொன்னான். சர்க்கரையம்மா ஞாயிற்றுக்கிழமைதான் கெடு என்று முடிவு கட்டி, அவனை வீட்டுக்கு வரச் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிறு காலை அவளுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் வேலையாகப் பூட்டுக்காரரின் போனைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்தாள். கருவிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்க ஆரம்பித்தாள். அந்தச் சமையலறையில் இருப்பது ஒரே பிளக். மாவு அடிக்கிற பீட்டர் ஓடினால் ஓவன் ஓடாது. ஓவனின் ஒயரைப் பிடுங்கிவிட்டு பீட்டரைச் சொருகி, முட்டையை ஊற்றி, மாவைச் சலித்துப் போட்டு, எலுமிச்சைத் தோலைத் துருவிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மணி அடித்தது. தீயணைப்புக்காரர்களுக்கு எங்கேயும் சீக்கிரம் போய்த்தான் பழக்கம். சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னாலேயே வந்து நின்றான். சட்டையில் இஸ்திரி மடிப்பு, முகத்தில் ஈயாடவில்லை.

"வாங்க தம்பி, வாங்க வாங்க! இல்ல, இருங்க. உள்ள வராதீங்க. நான் சொன்னதும் வாங்க!"

ஓடினாள். மாவை டின்னில் கொட்டினாள். ஓவன் கதவை அறைந்து மூடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என்னங்க! கேக் போயாச்சு! வந்து உக்காருங்க, சீக்கிரம்!" என்று வீடே அதிரக் கத்தினாள். பூட்டுக்காரர் வந்தார். உட்கார்ந்தார். முதுகை ஒரு தடவை சாய்த்துப் பார்த்தார், நகர்ந்து இன்னொரு தடவை சாய்த்தார். பிறகு நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தார். போன் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் திக்கென்றது. அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் மணியைத் திருகி வைத்துவிட்டுத் தீயணைப்புக்காரனை உள்ளே தள்ளினாள். உட்காரச் சொன்ன ஸ்டூலில் அவன் விறைப்பாக உட்கார்ந்தான். மூத்தவளும் சின்னவனும் கதவோரம் வந்து நின்றுகொண்டார்கள். சர்க்கரையம்மா பாத்திரம் கழுவுகிற பாவனையில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

"வெயில் கொஞ்சம் கம்மியா இருக்கு சார்," என்றான் தீயணைப்புக்காரன்.

பூட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார்.

"நேத்து ஜாஸ்தியா இருந்துச்சு சார்."

சின்னவன் வாயைப் பொத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினான். மூத்தவள் அவனுக்கு ஒன்று வைத்த சத்தம் கேட்டது. கடைசியில் பூட்டுக்காரரே வாயைத் திறந்தார்.

"கதவை உடைக்கறப்ப எந்தப் பக்கம் உடைப்பீங்க? கீல் பக்கமா, பூட்டுப் பக்கமா?"

"பூட்டுப் பக்கம் சார்."

பல் பிடுங்கும்போது ஆட்கள் கண்ணை இறுக்கி மூடுவார்களே, அப்படி மூடிக்கொண்டார் பூட்டுக்காரர். எல்லாம் போச்சு என்று சர்க்கரையம்மா கரண்டியை நழுவவிட்டாள்.

"சார், ஆசைப்பட்டு உடைக்கறதில்ல சார்," என்றான் அவன். வேர்த்துக் கொட்டியது அவனுக்கு. "உள்ள யாராவது அழுதா வேற எதுவும் காதுல விழாது. அன்னிக்கும் அப்படித்தான் ஓங்கினேன். உங்க பொண்ணு குறுக்க வந்து உக்காந்து, 'எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க'ன்னாங்க. எங்க பெரிய ஆபீசர் பக்கத்துல நின்னுட்டிருந்தார். அவரும் மூடிட்டார் சார். இப்ப எங்க வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி உங்க கடைக்குத்தான் முதல் போன் போகுது."

"அது எனக்குத் தெரியும். மேல சொல்லுங்க."

"அவங்க கடையை விட மாட்டாங்க சார். நானும் விடச் சொல்ல மாட்டேன். காலைல நானே கொண்டு வந்து விடறேன். கடையில உங்க பக்கத்து ஸ்டூல் எப்பவும் அவங்களோடதுதான்."

மூத்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பூட்டுக்காரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், தொண்டையைச் செருமினார். இத்தனை நாளாக அவர் பயந்துகொண்டிருந்தது கோடாலிக்கு இல்லை, அந்த ஸ்டூல் காலியாகிவிடுமே என்றுதான் என்பது சர்க்கரையம்மாவுக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. இருபத்தாறு வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியும் தெரியாமல் போய்விட்டதே என்று அவர்மேல் ஒரே பாசமாக வந்தது.

மணி அடித்தது.

"முதல் துண்டு!" என்று தன்னை மறந்து கூவிக்கொண்டே ஓடினாள். பூட்டுக்காரர் எழுந்து நாற்காலியை நகர்த்தினார். அவள் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, முகத்தில் அடிக்கப்போகிற சூட்டுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் இல்லை. காலித் தட்டு. தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்று இருந்தது. ஓவனின் ஒயர் ஜன்னலோரம் தொங்கிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் தலையில், துண்டு போர்த்திய டின்னில், கேக் மாவு பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேக் இல்லை. கேக் இல்லாவிட்டால் துண்டு இல்லை. துண்டு இல்லாமல் இந்த மனுஷர் எப்படிச் சரி சொல்வார்? நாளைக்குத் திங்கட்கிழமை!

"ஐயோ, நான் அடுப்பே போடலைங்க..." என்று அழாத குறையாகத் திரும்பினாள்.

"தெரியும்," என்றார் பூட்டுக்காரர். "உக்காந்தவுடனே தெரியும். முதுகு ஜில்லுன்னு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா இவ்ளோ நேரம் சும்மா உக்காந்திருந்தீங்க?"

"தம்பி ஏதோ பேச வந்திருக்கார்னு தெரிஞ்சுது. எந்திரிச்சா நல்லா இருக்காதேன்னு இருந்தேன்." அவர் தீயணைப்புக்காரன் பக்கம் திரும்பினார். "அது சரி. நெருப்பை அணைக்கிற ஆளு நீங்க. எதிர்ல அடுப்பு எரியலைங்கறதுகூடத் தெரியலையா?"

அவன் அசடு வழிந்தான். "தெரியும் சார். வந்து உக்காந்ததுமே தெரிஞ்சுது. சொன்னா நீங்க எந்திரிச்சுப் போயிடுவீங்களேன்னு..."

"எனக்கும் தெரியும்மா," என்றாள் மூத்தவள். "வாசனையே வரலியே."

"நான் ஒயரையே பாத்துட்டேன்," என்றான் சின்னவன்.

"அடப்பாவிங்களா!" என்று சர்க்கரையம்மா அலறினாள். "அப்ப இந்த வீட்டுல தெரியாதது எனக்கு மட்டுந்தானா?"

முதலில் சிரித்தவர் பூட்டுக்காரர்தான். அவர் சிரித்தால் தோள் குலுங்கும், சத்தம் வராது. அதைப் பார்த்து மூத்தவள் சிரித்தாள், சின்னவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான், சர்க்கரையம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது. தீயணைப்புக்காரன் தானும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்போடு எழுந்து நின்றான்.

பூட்டுக்காரர் ஒயரைச் சொருகினார். ஓவனைச் சூடு பிடிக்க விட்டு, டின்னைத் தன் கையாலேயே உள்ளே வைத்தார்.

"மாவு ரொம்ப நேரம் கிடந்துடுச்சுங்க. சரியா எழும்பாது," என்றாள் சர்க்கரையம்மா, விக்கலுக்கு நடுவில்.

"எழும்பாட்டிப் போகுது."

கதவை மூடி, துண்டை மடித்துச் சொருகி, நாற்காலியை முட்டுக் கொடுத்தார். ஆனால் உட்காரவில்லை. நாற்காலியின் கையைத் தட்டினார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. மணி அடிக்கற வரைக்கும் எந்திரிக்கப்படாது."

மூத்தவள் வந்து அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தீயணைப்புக்காரன் உட்கார்ந்தான், முதுகைச் சாய்த்தான். கதவு ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. பூட்டுக்காரர் அவன் விட்ட ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, பூட்டுப் பக்கம் உடைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை இனி எங்கேயும் ஓட முடியாது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன், நடுவில் எட்டி, கீலை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"மாமா, இதுல ஸ்பிரிங்தான் போயிருக்கு. சின்ன வேலை. எங்க ஸ்டேஷன்லயே இருக்கும், இப்பவே எடுத்துட்டு வந்து மாட்டிடட்டுமா?"

சர்க்கரையம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். மூத்தவளும் சின்னவனும் அவரைப் பார்த்தார்கள். அவர் அந்த ஓவனைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், அதில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"என்ன அவசரம்? நாளைக்குப் பாத்துடலாம்."