இரண்டு தரத்தோடு நிற்கும் ஏலம்

செய்தி வந்தபோது ஜமுனாமரத்தூரில் என் கடையில் உட்கார்ந்து ஒருவருடைய செல்போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆரோக்கியம் அழைத்தான். "சடையாண்டி அண்ணன் போய்ட்டார்டா. காலையில நாஷ்டா சாப்ட்டு உக்காந்தவரு, அப்படியே சாஞ்சுட்டாரு" என்றான். கண்ணாடிக்கடியில் பெரிதாக ஒரு குமிழி விழுந்தது. செல்போன்காரர் அதைச் சுட்டிக்காட்டினார். "அப்புறமா வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நம் 'கொண்டை ஊசி' குழு முடிவெடுத்திருக்கிறது. மலைப்பாதை வளைவின் பெயரை வைத்துக்கொண்ட இந்த ஹார்ட்கோர் மெட்டல், அதாவது அலறலையே பாட்டாகப் பாடும், குழுவின் முதல் பாடகன் நான். என் இடத்துக்கு வந்தவர் அவர். பதவி போனவனைப் பிடித்து, பறித்தவருக்கு அஞ்சலி எழுதச் சொல்கிற துணிச்சல் ஆரோக்கியத்துக்குத்தான் வரும். கிதார் வாசிப்பவர்களுக்குப் பொதுவாகவே மனசாட்சி கம்மி.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அலறி அலறி என் தொண்டையில் ஏதோ முளைத்துவிட்டது. மூன்று மாதத்துக்கு முணுமுணுக்கக்கூடக் கூடாது என்றார் திருப்பத்தூர் டாக்டர். ஆல்பத்துக்காக வேலூரில் ஸ்டுடியோ ஏற்கெனவே பேசியாகிவிட்டது. எனக்காகக் காத்திருப்பார்கள் என்று நம்பினேன். சந்தையன்று நானும் ஆரோக்கியமும் புளி ஏலத்தைத் தாண்டிப் போனோம். கூடைகளுக்கு நடுவே நின்று, கழுத்து நரம்பு புடைக்க ஏலம் விட்டுக்கொண்டிருந்தார் சடையாண்டி அண்ணன். அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். அடிவயிற்றிலிருந்து வந்த அந்தக் கரகரப்பில், தழை மென்றுகொண்டிருந்த ஆடுகள் வாயை நிறுத்தின. ஆரோக்கியமும் நின்றுவிட்டான். "இவரு பாடட்டுமாடா?" என்றான். வேண்டாம் என்று நான் வேகவேகமாகத் தலையை ஆட்டினேன். "பாத்தியா, உனக்கே புடிச்சிப் போச்சு" என்றான். ஆட்சேபிக்க வேண்டிய ஒரே ஆளுக்கு டாக்டர் வாய்ப்பூட்டு போட்டிருந்தார்.

அண்ணன் ஏலத்தைத் தவிர வேறு எதற்கும் கத்தியவரில்லை. முதல் ஒத்திகையில் வரிகளைக் கேட்டுவிட்டு, "இன்னாப்பா இது, யார் மேல கோவம்?" என்றார். மலைக்கு பஸ் வராததைப் பற்றிய பாட்டு அது. "சரி, பஸ்காரர் எங்க?" என்றார். இது பொதுவான கோபம் என்று ஆரோக்கியம் விளக்கிப் பார்த்தான். அவருக்கு ஏறவில்லை. "எதுக்க ஒருத்தன் வேணும் தம்பி. கண்ணப் பாத்தாதான் எனக்குக் கொரலு வரும். காத்தப் பாத்து எவனாவது கத்துவானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பேசத் தடை, வேறு வேலையும் இல்லை.

ஸ்டுடியோவில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். ஆல்பத்தில் நீங்கள் கேட்கிற ஒவ்வொரு அலறலும் என் முகத்தைப் பார்த்து அலறியது. பஸ் வராததற்கும், பன்றி சாமையைத் தின்றதற்கும், கரண்டு போனதற்கும் நான்தான் பொறுப்பு. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்று முடிப்பார். அதை வெட்டிவிடலாமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். "மூணு சொல்லாம வுட்டா சரக்கு யாருக்குன்னு எப்படிங்க தெரியும்?" என்றார் அண்ணன். பிறகு வெளியே வந்து, "மனசுல வச்சிக்காத தம்பி" என்று எனக்கு வெந்நீர் வாங்கித் தருவார். கத்தியது அவர், வெந்நீர் எனக்கு.

ஆல்பம் வந்தது. உறையில் அவர் படம். என் பெயர் 'நன்றி' என்ற இடத்தில், ஸ்டுடியோவுக்கு டீ கொண்டுவந்தவருக்கு அடுத்து. "புது ஆளு சூப்பருங்க" என்று என் கடைக்கே வந்து சொன்னார்கள். எனக்கு வயிறு எரிந்தது. தனியாக உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதில் இன்னும் எரிந்தது.

குரல் திரும்பியதும், என் இடத்தைக் கேட்டே விடுவது என்று போளூர் மேடைக்குப் போனேன். கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்ட அண்ணன் மைக்கைத் தலைக்கு மேல் தூக்கினார். "மைக்கு ஏலத்துக்கு வந்திருக்குங்க! துட்டு வேணாம், தொண்டை இருக்கறவங்க கேளுங்க!" கூட்டம் அலறியது. நானும் அலறினேன். மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் விலகி நின்றார்கள். அண்ணன் என்னை நோக்கிக் கையை நீட்டி, "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார். நான் மேடைப் படியில் கால் வைத்தேன். "அடுத்த பாட்டு!" என்று திரும்பிக்கொண்டார்.

அன்று முதல் எல்லா மேடையிலும் இதே கூத்து. கீழே எதிரில் நான் நிற்பேன், அவர் இரண்டோடு நிறுத்திவிடுவார். ஒருமுறை கோபமாகவே கேட்டேன். "மூணு சொன்னா நீ மேல வந்துடுவ. அப்புறம் நான் யாரப் பாத்துக் கத்தறது?" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எதிரில் நிற்கிற வேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

நெல்லிவாசல்நாட்டில் அவர் வீட்டுக்கு ஜீப்பில் போனோம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு நாளும் கொரல ஒசத்தினது இல்ல தம்பி. எல்லாத்தையும் உங்கிட்ட கத்தித் தீத்துட்டுத்தான் வூட்டுக்கு வந்தாரு." அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

மண் போட்டு முடித்த பிறகும் சந்தைக்காரர்கள் கலையவில்லை. ஏலக்காரரைச் சத்தமில்லாமல் அனுப்புவதா என்று பேச்சு எழுந்தது. ஆரோக்கியம் என்னை முன்னால் தள்ளினான். அந்த மண்மேட்டைப் பார்த்து, இருந்த குரலையெல்லாம் கூட்டி, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கத்தினேன். அத்தோடு நிறுத்திவிட்டேன். "மூணு சொல்லுப்பா, பஸ்ஸு போய்டும்" என்றார் பின்னாலிருந்து ஒரு புளி வியாபாரி. நான் தலையை ஆட்டினேன். இந்த முறை ஆரோக்கியம் சரியாகப் புரிந்துகொண்டான்.

அடுத்த மேடையில் நான்தான் பாட வேண்டும் என்கிறார்கள். பாடுவேன். எதிரில் அவர் இல்லாமல் குரல் எப்படி வரும் என்று தெரியவில்லை. மைக் என் கைக்கு வந்துவிட்டது. ஏலம் மட்டும் இரண்டு தரத்தோடு நிற்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான். என் வாயால் அதை முடிக்க மாட்டேன்.