களிசானுக்குள் ஒரு சாரன்

வரிப்பத்தான்சேனையை விட்டு இரண்டு மைல் நடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் வரம்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கொக்குகளைப் போலத் தெரிந்தார்கள். என் மண்வெட்டியை இதற்குள் வேறொருவன் எடுத்திருப்பான். எங்கள் கூட்டத்துக்குத் தலைவரான முல்லைக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"விதைப்பு நேரத்தில விட்டிட்டுப் போறவனுக்கு இனி இஞ்ச சோறில்ல. ஒபீசர் ஆகப் போறாராம், ஒபீசர்! போங்க தொர, போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடுப்பில் கைலியாய்ச் சுற்றியிருந்த சாரன் மடிப்புக்குள் கடிதம் இருந்தது. வியர்வையில் அதன் ஓரம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

அது எங்கள் கரையை அடித்த பெரும் புயலுக்கு அடுத்த வருடம். எனக்கு இருபத்தாறு வயது. பாலமுனையில் கரைவலை இழுத்திருக்கிறேன், சம்மாந்துறை ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியிருக்கிறேன், எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து ஒரு கூரையின் கீழ் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் படுத்ததில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவும் வாப்பாவும் இருந்த வளவில் என் அக்கா, ராத்தாவுக்கு வீடு கட்டினார்கள். அவர் புருசன், என் மச்சான், மாப்பிள்ளையாக அங்கே வந்து சேர்ந்தார். ஆண்பிள்ளைக்கு அவன் கட்டப்போகிறவளின் வீடுதான் வீடு. கட்டாதவன் எங்கே போய் நின்றாலும் விருந்தாளிதான். ராத்தா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் நானாகவே கிளம்பிவிடுவேன்.

கடிதம் நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து ராத்தா வீட்டுக்கு வந்து, அவர் கொடுத்தனுப்பியது. வாய்க்காலில் நீர்மட்டத்தைப் பார்த்துப் பதிகிற வேலை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சை. எப்போதோ மச்சான் எழுதித் தந்து நான் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் அது, நான் மறந்தே போயிருந்தேன். அந்த வேலைக்கு மதகடியில் ஓர் அறையும் தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சம்பளம் என்னவென்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அறைக்குக் கதவு உண்டா என்று மட்டும் விசாரித்தேன். உண்டு என்றார்கள்.

பாதி வழி நடந்து, பாதி வழி உழவு மெசினில் தொற்றி, மருதமுனைக்கு வந்து சேர்ந்தபோது பகல் சரிந்திருந்தது. தறிச் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. ராத்தா என் கையைப் பிடித்துப் பார்த்தார். புளிப்புத் தேசிக்காயை வெட்டி, நகக்கண்ணில் ஏறியிருந்த சேற்றைத் தேய்க்கத் தொடங்கினார்.

"நாளைக்கு என்னத்த உடுக்கப் போறாய்?"

என்னிடம் இருந்தது உடுத்தியிருந்ததும் இன்னொன்றும். இன்னொன்றைப் புயல் கொண்டுபோகாமல் விட்டதே பெரிய காரியம்.

"மச்சான்ட ஜும்ஆச் சட்டையத் தாறன்," என்றார் ராத்தா. "புதுச் சாரன் ஒண்டும் உடுத்து, இடுப்புல பச்ச வாரையும் கட்டி, தொப்பியும் போட்டாயெண்டா ஆர் உன்ன வேணாமெண்டுவாங்க? மாப்புள கேட்டுத்தான் வருவாங்க."

தறிக்குழிக்குள் இருந்த மச்சான் தறியை நிறுத்தினார்.

"அவன் பொண் பார்க்கவா போறான்? சாரனோட போனா வாசல்ல நிக்கிறவனே மரக்கறி வியாபாரி எண்டு பின்பக்கத்தால போகச் சொல்லுவான். ஒபீசுக்குக் களிசான் வேணும்."

நாள் முழுவதும் சாரன் நெய்கிற மனிதர் அதைச் சொன்னார். அவர் முன்னால் தறியில் நீலக் கட்டம் போட்ட சாரன் ஒன்று பாதியில் நின்றது. அதைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

களிசான் என்று நாங்கள் சொல்வது நீளக் காற்சட்டையை. அந்தத் தெருவில் அப்போது ஒரேயொரு களிசான்தான் இருந்தது. அதுவும் பக்கத்து வளவில் இருந்த மச்சானின் தம்பியுடையது. வெள்ளிக்கிழமை அவனுக்கு நிக்காஹ், சனிக்கிழமை வலீமா விருந்து. பெண்வீட்டாரை அசத்துவதற்காகக் கல்முனையில் தைப்பித்து, கடதாசிச் சுற்றுக்கூடக் கழற்றாமல் வைத்திருந்தான். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ராத்தா வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னதும், அந்த மாப்பிள்ளை சுற்றோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான்.

"இந்தா மச்சான், உடு."

"உனக்கு விசரா? நீயே இன்னும் உடுக்கல்லயே."

"அதுக்குத்தான் தாறன். நீ உடுத்துட்டு நடந்து காட்டு. ஆக்கள் சிரிச்சா நான் சாரனோடயே வலீமாவுக்குப் போவன்."

மாப்பிள்ளை கடதாசியைப் பிரித்தான். சந்தன நிற டெரிலின். முன்பக்கத்தில் கத்தியால் கீறியது போல் ஒரு மடிப்பு, இடுப்பிலிருந்து அடிவரை நேராக இறங்கியது. கீழே காலின் வாய் இரண்டும் அப்படி அகன்றிருந்தன, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கோழியை மறைக்கலாம். மச்சான் குழியிலிருந்து ஏறிவந்து, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு துணியை இரண்டு விரலால் தொட்டார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஊடும் பாவும் தேடினார்.

"நூலே தெரியல்லடா," என்றார் மெதுவாக. "இது எந்தத் தறியில பிறந்ததோ."

உடுத்திப் பார்த்ததில் ஒரு சிக்கல் வந்தது. மாப்பிள்ளை கலியாண வீட்டுச் சாப்பாட்டில் ஊறியவன். நான் வயலில் வற்றியவன். பிடியை விட்டால் களிசான் தரைக்கு வந்தது.

ராத்தாவுக்கு வேறு கவலையும் இருந்தது. "வாற வழியில ளுகர் தொழுகைக்கு நேரம் வந்தா என்ன செய்வாய்? இதோட சுஜூதுக்குக் குனிஞ்சா தையல் விட்டிடும். கலியாணக்காரன்ட சாமான்." அவரே வழியும் சொன்னார். "உள்ளுக்குச் சாரன உடுத்து, முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டு. அதுக்கு மேல களிசானப் போடு. இடுப்பும் நிக்கும், பள்ளிவாசல்ல களிசானக் கழட்டி வெச்சிட்டுச் சாரனோட தொழவும் ஏலும்."

மச்சான் தறியிலிருந்து முதல்நாள் அறுத்த சாரனைத் தந்தார். நீலக் கட்டம், கஞ்சி மணம் போகாதது.

பிறகு ராத்தா என்னைத் தங்கள் அறைக்குள் கூப்பிட்டார். அந்த அறைக்குள் நான் அதுவரை கால் வைத்ததில்லை. கலியாணத்துக்கு வந்த அலுமாரி அங்கே நின்றது, அதன் கதவு முழுவதும் கண்ணாடி. முடிவெட்டும் கடைக் கண்ணாடியில் என் தலையைப் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் தண்ணீரில் முகத்தைப் பார்த்திருக்கிறேன். தலையிலிருந்து கால்வரை என்னை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு நெடிய மனிதன் அங்கே நின்றான். வாப்பாவின் தோள்கள் அவனிடம் இருந்தன. இடுப்பில் மட்டும் களவாடிய தேங்காயை ஒளித்தவன் போல் ஒரு புடைப்பு. நான் கையைத் தூக்க, அவனும் தூக்கினான். இருபத்தாறு வருடமாக இந்த ஆளையா நான் கொண்டு திரிந்தேன் என்று இருந்தது.

வாசலில் நின்ற மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "உடுக்கலாம்," என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் பஸ்ஸில் மடிப்புக் கலைந்துவிடும் என்று நின்றுகொண்டே போனேன்.

"இருங்க சேர், சீட்டெல்லாம் காலியாத்தானே கிடக்கு," என்றார் கொண்டக்டர்.

"பரவால்ல."

என்னை ஒருவர் சேர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அந்த வார்த்தை எனக்கு வந்ததா, டெரிலினுக்கு வந்ததா என்று யோசித்துக்கொண்டே சம்மாந்துறையைத் தாண்டினேன்.

அலுவலகம் வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. என்னோடு நான்கு பேர் காத்திருந்தார்கள். நால்வரும் சப்பாத்துப் போட்டிருந்தார்கள். நான் இறப்பர்ச் செருப்பு. களிசானின் அகன்ற கால்விளிம்பு அதை மறைத்ததற்காக அதைத் தைத்த கல்முனைத் தையற்காரருக்கு மனதுக்குள் துஆ செய்தேன். கதவு திறந்து பொறியியலாளர் வெளியே வந்தார். நரைத்த தலை, யாழ்ப்பாணப் பேச்சு. காக்கியில் அரைக் காற்சட்டை. முழங்காலில் காய்ந்த சேறு.

எங்கள் ஐந்து பேரின் களிசான் மடிப்புகளையும் அவர் ஒருமுறை பார்த்தார்.

"எல்லாரும் கலியாணத்துக்கு வெளிக்கிட்ட மாதிரியல்லோ வந்து நிக்கிறியள்," என்றார்.  இது மாப்பிள்ளைக் களிசான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன்.

உள்ளே கூப்பிட்டுக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போனார். மதகுப் படிகளுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு கட்டை நின்றது. அதில் அடியும் அங்குலமும் எழுதிய வெள்ளைத் தகடு. ஆனால் மிதந்து வந்த பாசி கட்டையைச் சுற்றி அடைத்துக்கொண்டு எண்களை மறைத்திருந்தது.

"எவ்வளவு நிக்குது?"

ஒருவர் கரையிலிருந்து எட்டிப் பார்த்து நாலடி என்றார். இன்னொருவர் நாலரை என்றார். மற்ற இருவரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

இறங்கினால்தான் தெரியும். இறங்கினால் மாப்பிள்ளையின் களிசான் போச்சு. மதகுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அறை. அதற்குக் கதவு இருந்தது, பச்சைப் பூச்சு. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. நான் களிசானின் பொத்தானைக் கழற்றினேன்.

"ஏய் ஏய், என்ன செய்யிறீர்?" என்றார் பொறியியலாளர்.

நான்கு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். களிசான் இறங்க, சாரன் மடிப்பு அவிழ்ந்து கணுக்கால் வரை விழுந்தது. மச்சானின் நீலக் கட்டம். களிசானை மடிப்போடு மடிப்புச் சேர்த்து மதகுச் சுவரில் வைத்தேன். காற்று தூக்காமலிருக்க அதன்மேல் என் செருப்பை வைக்கப் போய், வெட்கப்பட்டு, ஒரு சுத்தமான கல்லைத் தேடி வைத்தேன். பிறகு சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினேன்.

பாசியை விலக்கியதும் தண்ணீர் கலங்கி ஏறி இறங்கியது. வயலில் எத்தனையோ தடவை வரம்பில் நீர் அடங்கும்வரை காத்து நின்றிருக்கிறேன். அப்படியே நின்றேன்.

"என்ன, நித்திரையே?"

"அலை நிக்கட்டும் சேர்." நின்றது. "நாலடி ஆறு அங்குலத்துக்கும் ஏழுக்கும் நடுவில. ஏழெண்டு சொல்லேலா."

பொறியியலாளர் கரையோரம் வந்து குனிந்து தகட்டைப் பார்த்தார். கீழே போகும் வாய்க்காலைக் கையால் காட்டினார். "நீர் சொல்லுற இந்த எண்ணைப் பார்த்துத்தான் மதகுக் கதவை எவ்வளவு திறக்கிறதெண்டு பார்ப்பம். சம்மாந்துறை வயற்கண்டம் முழுக்க இதுக்குக் கீழதான். அரை அங்குலம் பிழைச்சால் ஆரின்ரையோ வயல் காயும்."

படியில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி அந்தத் தகட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இனி முளைக்கப்போகும் அவ்வளவு பச்சையும் அதற்குள் இருந்தது.

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாரும்," என்றார். "களிசான் வேண்டாம்."

அன்று பின்னேரம் களிசானைத் துளி ஈரமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். மாப்பிள்ளை அதை விரித்துப் பார்த்துவிட்டு, "ஆக்கள் சிரிச்சாங்களா?" என்று கேட்டான்.

"நான் உடுத்திருக்கும்வரைக்கும் இல்ல," என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே நீலக் கட்டச் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். கரையில் புதுக் கொப்பியும் பென்சிலும் இருந்தன. சாரன் மடிப்பில், கடிதம் இருந்த இடத்தில், பச்சைக் கதவின் சாவி. அலை அடங்கும்வரை நின்றேன். பிறகு கரையேறி, கையைத் துடைத்து, நாலடி மூன்று என்று எழுதினேன். அதைப் பார்த்து மதகுக் கதவைத் தூக்கினார்கள். தண்ணீர் போகத் தொடங்கியது.